உங்கள் கப்பல் எந்த வருஷத்துக் கப்பல்?



போன செமஸ்டர் லீவில் நான் ஒரு பாய்மரக் கப்பல் மாடல் செய்தேன். கிட்டத்தட்ட ஆறு வாரம், தினமும் ராத்திரி ரெண்டு மணி நேரம். கப்பல் பெயர் ஹெச்.எம்.எஸ். விக்டரி. 1805-ல் டிரஃபால்கர் போரில் நெல்சன் நின்றிருந்த அதே கப்பல். கிட்டோடு வந்த தாளில் 'மஞ்சள், கறுப்பு' என்று போட்டிருந்தது. நானும் ஸ்டேஷனரி கடையில் பளபளவென்று ஒரு மஞ்சள் வாங்கி, பளபளவென்றே அடித்துவிட்டேன்.

ஹாஸ்டலில் எல்லோரும் "செம மச்சி" என்றார்கள். டிபார்ட்மென்ட் கண்காட்சியில் வைக்கலாம் என்றும் முடிவாயிற்று. அப்போது ஒரு சீனியர் அண்ணா வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இது எந்த வருஷத்து விக்டரி?"

என்னிடம் பதில் இல்லை. 1805 என்று வாய் வரை வந்தது. ஆனால் அந்த மஞ்சள் 1805-ஓட மஞ்சள்தானா என்று கேட்டால், அது கடையில் இருந்த மஞ்சள், அவ்வளவுதான். கண்காட்சிக்கு வரும் ஸ்கூல் பசங்க அதைப் பார்த்து, 'ஓ, அந்தக் காலத்துக் கப்பல் இப்படித்தான் இருக்கும்போல' என்று நம்பிக்கொண்டு போவார்கள். அதாவது நான் ஒரு பொய்யை அழகாகச் செய்து மேசையில் வைக்கப் போகிறேன்!

அதற்குப் பிறகு படித்தது, கலக்கிப் பார்த்தது, தப்பு செய்து கற்றது எல்லாவற்றையும் இங்கே தருகிறேன். கப்பல் மாடல் செய்யும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் நேரடியாக உதவும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு டேட்டாவை எப்படிச் சந்தேகப்படுவது என்பது நம் எல்லோருக்கும் பயன்படுகிற விஷயம்தானே?

1. முதலில் வருஷம், அப்புறம்தான் பெயிண்ட்

'விக்டரி என்ன கலர்?' என்பது தப்பான கேள்வி. விக்டரி 1765-ல் இங்கிலாந்தின் சாத்தம் துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்ட கப்பல். இன்றைக்கும் போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில் நிற்கிறது. இடையில் 250 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நம் வீட்டுச் சுவரே பத்து வருஷத்தில் மூன்று கலர் பார்த்துவிடுகிறது. ஒரு போர்க்கப்பல் சும்மா இருக்குமா?

1765-ல் இருந்த விக்டரியின் பின்பக்கத்தில் திறந்த பால்கனிகள் இருந்தன. முன்முனையில் ரொம்ப ஆடம்பரமான சிற்பம் இருந்தது. அடிப்பகுதியில் செம்புத் தகடு கிடையாது. 1780-ல்தான் செம்புத் தகடு அடித்தார்கள். 1800 முதல் 1803 வரை நடந்த பெரிய மராமத்தில் பால்கனிகளை மூடினார்கள், முன் சிற்பத்தை எளிமையாக்கினார்கள். ஆக, பால்கனி மூடிய கப்பலுக்கு 1765-ன் கலர் அடித்தால், அது எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு கப்பல். தாத்தாவின் கல்யாண போட்டோவில் அவர் கையில் ஸ்மார்ட்போன் இருப்பது மாதிரி!

அதனால் கிட் வாங்கியதும் முதல் வேலை இதுதான்: மாடலின் வடிவம் எந்த வருஷத்தைக் காட்டுகிறது என்று கண்டுபிடியுங்கள். கலர் அந்த வருஷத்துக்குப் பின்னால் வரட்டும்.

2. ஆதாரங்களை வரிசைப்படுத்துங்கள்

வருஷம் தெரிந்தாயிற்று. இனி அந்த வருஷத்துக் கலர் எங்கே கிடைக்கும்? எல்லா ஆதாரமும் ஒரே எடை கொண்டவை இல்லை. நான் போட்டுக்கொண்ட வரிசை இது.

முதலிடம், கப்பலின் மேலேயே மிஞ்சியிருக்கும் பெயிண்டுக்கு. விக்டரியில் இதைத்தான் செய்தார்கள். மரத்தின் மேல் இருக்கும் பெயிண்டை ஒரு துளி பெயர்த்து, ரெசினில் பதித்து, குறுக்குவெட்டாகத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். நம்ம மெட்டலர்ஜி லேபில் ஸ்பெசிமன் மவுன்ட் செய்து பாலிஷ் போடுவோமே, கிட்டத்தட்ட அதே வேலை. ஒவ்வொரு முறை அடித்த பெயிண்டும் மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி ஒரு அடுக்காகத் தெரியும். விக்டரியில் 70-க்கும் மேற்பட்ட அடுக்குகள் கிடைத்தன. அவற்றில் டிரஃபால்கர் காலத்து அடுக்கு எது என்று பிரித்துப் பார்த்தபோதுதான் ஆச்சரியம்: அத்தனை வருஷமாக ஊரே பார்த்துப் பழகியிருந்த அழுத்தமான ஆரஞ்சு கலந்த மஞ்சள் அது இல்லை. ரொம்ப வெளிறிய, லேசாக ரோஸ் அடிக்கும் ஒரு மஞ்சள்! 2015-ல் கப்பலை அந்த நிறத்துக்கே மாற்றிப் பூசினார்கள்.

யோசித்துப் பாருங்கள். நிஜக் கப்பலே கண்ணெதிரில் நிற்கிறது. அதை நேரில் போய் போட்டோ எடுத்து, அதே கலரை 2010-ல் ஒருவர் மாடலில் அடித்திருந்தாலும், அது 1805-ன் கலர் இல்லை. 'நேரில் பார்த்தேன்' என்பதுகூட முழு ஆதாரம் ஆகாது.

இதைவிடப் பெரிய உதாரணம் சுவீடனின் வாசா. 1628 ஆகஸ்ட் 10 அன்று, முதல் பயணத்திலேயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தை விட்டுத் தாண்டுவதற்குள் மூழ்கிய கப்பல். 333 வருஷம் கழித்து 1961-ல் தூக்கினார்கள். வெளியே வந்த மரம் கருத்த பழுப்பு. நூற்றுக்கணக்கான சிற்பங்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியும் கலர் இல்லை. ராஜாவின் கப்பலாச்சே, நீலப் பின்னணியில் தங்க முலாம் பூசிய சிற்பங்கள் என்று முதலில் நினைத்தார்கள். அப்புறம் மரத்தின் இடுக்குகளில் ஒட்டியிருந்த நுண்ணிய பெயிண்ட் துகள்களை ஆராய்ந்தபோது கதையே மாறியது. பின்னணி சிவப்பு! சிற்பங்கள் வெறும் தங்கம் இல்லை. முகத்துக்குத் தோல் நிறம், உடைக்கு ஒரு நிறம், முடிக்கு ஒரு நிறம் என்று நம்ம ஊர் கோபுரப் பொம்மைகள் மாதிரி பல வண்ணம். இன்று வாசா மியூசியத்தில் இருக்கும் 1:10 மாடலில் அந்த வண்ணங்களைப் பார்க்கலாம்.

இரண்டாமிடம், அந்தக் காலத்திலேயே செய்த மாடல்கள். அமெரிக்காவின் யு.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷன் கப்பலுக்கு, அதன் கேப்டனாக இருந்த ஐசக் ஹல் காலத்திலேயே செய்த ஒரு மாடல் உண்டு. அது இருப்பது சேலத்தில். நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்! இப்படிப்பட்ட மாடல்களைச் செய்தவர்கள் நிஜக் கப்பலைத் தினமும் பார்த்தவர்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: மாடலையும் பின்னால் யாராவது 'புதுப்பித்திருக்கலாம்'.

மூன்றாமிடம், ஓவியங்கள். இதில் ஓவியர் யார் என்பது முக்கியம். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வான் டி வெல்டே என்ற டச்சு அப்பா, மகன் இருவரும் கப்பல்களை நேரில் பார்த்து நுணுக்கமாக வரைந்தவர்கள். அவர்களை நிறையவே நம்பலாம். ஆனால் டர்னர் 1839-ல் காட்சிக்கு வைத்த டெமரேர் கப்பல் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்படும் கிழட்டுக் கப்பல், தங்கமும் வெள்ளையுமாய் ஆவி மாதிரி மிதக்கிறது. பாய்மரங்கள் எல்லாம் கம்பீரமாக நிற்கின்றன. நிஜத்தில் பாய்மரங்களை முன்பே கழற்றிவிட்டார்கள். டர்னர் தப்பு செய்யவில்லை. அவர் வரைந்தது ஒரு வழியனுப்புதல், கப்பலின் டெக்னிக்கல் டிராயிங் இல்லை. அதைப் பார்த்து நாம் பெயிண்ட் கலக்கினால்தான் தப்பு.

கடைசி இடம்: கிட் டப்பாவின் மேல் இருக்கும் படம், சினிமா, இணையத்தில் கிடைக்கும் மற்ற மாடல்களின் போட்டோ. இவை பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடித்தவை. அசைன்மென்டில் முதல் ஆள் தப்பு செய்தால் கிளாஸே அதே தப்பைச் செய்திருக்குமே, அந்தக் கதைதான்.

3. அந்தக் காலத்துக் கடையில் என்ன இருந்தது?

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. ஆதாரம் எதுவும் கிடைக்காவிட்டால்கூட, கெமிஸ்ட்ரி பாதி கேள்விக்குப் பதில் சொல்லிவிடும்.

இன்று கடையில் ஆயிரக்கணக்கான ஷேட் கிடைக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுக் கப்பல் கட்டும் தளத்தில் டன் கணக்கில் வாங்கக் கட்டுப்படியான நிறமிகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. மஞ்சள் காவி, செங்காவி, ஈயவெள்ளை, புகைக்கரி. இவற்றை ஆளிவிதை எண்ணெயில் அரைத்தால் பெயிண்ட் ரெடி.

காவி நமக்குப் புதிதா என்ன? கோயில் மதிலில் வெள்ளைக்குப் பக்கத்தில் பட்டை பட்டையாகப் பூசுகிறோமே, அந்தச் செங்காவி இரும்பு ஆக்சைடு. மஞ்சள் காவி அதே இரும்பு ஆக்சைடுதான், கூடவே கொஞ்சம் நீர் சேர்ந்திருக்கும். மஞ்சள் காவியைச் சூடாக்கினால் நீர் வெளியேறி சிவப்பாகிவிடும். மண்ணிலிருந்து வருவதால் விலை குறைவு, வெயிலில் வெளுக்காது. பெரிய கப்பலின் பக்கவாட்டுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் மண் நிறமி என்றாலே மஞ்சள் கொஞ்சம் மங்கலாக, மண்வாசனையோடுதான் இருக்கும். நான் அடித்த பளீர் மஞ்சள் அந்தத் தளத்தில் இருந்திருக்கவே வாய்ப்பில்லை.

சில நிறமிகளுக்குப் பிறந்த தேதி உண்டு. பிரஷ்யன் நீலம் 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்டது. எனவே 1628-ன் வாசாவில் பிரஷ்யன் நீலம் இருக்க முடியாது. இன்று நாம் பயன்படுத்தும் டைட்டானியம் வெள்ளை 20-ஆம் நூற்றாண்டில் வந்தது. பழைய ஈயவெள்ளையை எண்ணெயில் குழைத்தால் இவ்வளவு 'சோப்பு விளம்பர' வெள்ளை வராது. லேசாக மஞ்சள் அடிக்கும். மாடலில் வெள்ளை அடிக்கும்போது ஒரு துளி மஞ்சள் காவி சேருங்கள். (நிஜ ஈயவெள்ளையைத் தேடிப் போகாதீர்கள், அது விஷம்.)

இங்கே ஒரு பிரபலமான கதையையும் பார்த்துவிடலாம். கப்பலின் உட்பக்கம் ஏன் சிவப்பு? 'போரில் ரத்தம் தெரியாமல் இருக்க' என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் யாரும் ரத்தம் சிந்தாத பீரங்கி ஜன்னல் மூடியின் உட்பக்கத்துக்கும் அதே சிவப்பைத்தான் அடித்தார்கள். 1800-ஐ ஒட்டி, போர்கள் உச்சத்தில் இருந்தபோது, உட்பக்கச் சிவப்பு குறைந்து மஞ்சளும் வெள்ளையும் வரத் தொடங்கின. ரத்தத்தை மறைப்பதுதான் நோக்கம் என்றால் அப்போது மாற்றியிருப்பார்களா? செங்காவி மலிவு, மரத்துக்கும் நல்லது. சாதாரணக் காரணம்தான் பெரும்பாலும் சரியான காரணம்.

அடிப்பகுதிக்கும் இதே கெமிஸ்ட்ரி உதவும். மரத்தைத் துளைக்கும் கடல் புழுவுக்கு எதிராக, செம்புத் தகடு வருவதற்கு முன் பிரிட்டிஷ் கப்பல்களின் அடியில் மீன் எண்ணெய், குங்கிலியம் போன்ற பிசின், கந்தகம் கலந்த ஒரு கலவையைப் பூசினார்கள். அது வெளிறிய நிறம். தாரும் கீலும் பூசினால் கறுப்பு. 1761-ல் ஹெச்.எம்.எஸ். அலாரம் என்ற கப்பலில் செம்புத் தகட்டைச் சோதித்தார்கள். 1779-க்குப் பிறகுதான் மொத்தக் கடற்படைக்கும் அது பரவியது. எனவே 1750-ன் பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்குச் செம்பு நிற அடிப்பகுதி கூடாது. 1805-ன் கப்பலுக்குச் செம்பு வேண்டும், ஆனால் புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னக் கூடாது. கடல் தண்ணீரில் கிடந்த செம்பு மங்கிப் பழுப்பாகும், நீர்மட்டத்தை ஒட்டிப் பச்சை ஏறும்.

4. சரியான கலர், தப்பாகத் தெரியும்!

இவ்வளவும் தெரிந்துகொண்டு, 1805-ன் நிஜப் பெயிண்டையே ஒரு டப்பா கொண்டுவந்து மாடலில் அடித்தால் சரியாகிவிடுமா? ஆகாது. கலர் கருத்துப்போய் 'கனமாக' தெரியும். ஏன்?

முதல் காரணம், வெளிச்சம். நிஜக் கப்பல் நிற்பது வெயிலில். உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். நம்ம ரூம் டியூப்லைட்டில் சில நூறு லக்ஸ் மட்டுமே. வெளிச்சம் குறையக் குறைய அதே கலர் மங்கலாக, உயிரில்லாமல் தெரியும்.

இரண்டாவது, பரப்பு. ஷேட் கார்டில் பார்த்துத் தேர்ந்தெடுத்த கலர், முழுச் சுவரில் அடித்ததும் வேறு மாதிரி எடுப்பாகத் தெரிந்த அனுபவம் எல்லா வீட்டிலும் உண்டு. மாடலில் நடப்பது இதன் தலைகீழ். பெரிய பரப்பின் கலரைச் சிறிய பரப்புக்குள் அடைக்கிறோம்.

மூன்றாவது, பளபளப்பு. கப்பலை 1:100 ஆகச் சுருக்கலாம். ஒளியின் அலைநீளத்தைச் சுருக்க முடியாது. 1:100 மாடலை அரை மீட்டரிலிருந்து பார்ப்பது, நிஜக் கப்பலை 50 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பலகை இடைவெளி, தூரிகைத் தடம் எல்லாம் ஒன்றாகக் கலந்து மேட் பரப்பு மாதிரிதான் தெரியும். கிளாஸ் பெயிண்ட் அடித்தால் கப்பல் உடனே பொம்மையாகிவிடும்.

அதனால் மாடல்காரர்கள் கலரில் கொஞ்சம் வெள்ளை சேர்ப்பார்கள். 1:72-க்கு 15% என்று ஒரு கணக்கு அவர்களிடையே உலவுகிறது. அது ஒரு கைக்கணக்கு, ஃபார்முலா இல்லை. உங்கள் ரூம் லைட்டில் அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கறுப்புக்கும் இதே விதி. சுத்தக் கறுப்பு வேண்டாம், அடர்ந்த சாம்பல் போதும்.

இன்னொரு பொறி: ரெண்டு கலவைகள் ஒரு லைட்டில் ஒரே கலராகவும், வேறு லைட்டில் வேறு வேறாகவும் தெரியலாம். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். எல்.ஈ.டி.க்குக் கீழே கலக்கிவிட்டு, காலையில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தபோது என் மஞ்சள் பச்சையடித்தது. எந்த லைட்டில் மாடலை வைக்கப் போகிறீர்களோ, அந்த லைட்டிலேயே கலக்குங்கள். முடிந்தால் ஒரிஜினலில் இருந்த அதே வகை நிறமியைப் பயன்படுத்துங்கள். மஞ்சள் காவிக்கு மஞ்சள் காவியே சிறந்த மாற்று.

5. சரி, எப்படிச் செய்வது?

என் விக்டரிக்கு நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். ஸ்டேஷனரி கடை ஆர்ட்டிஸ்ட் அக்ரிலிக் டியூப்பே போதும்.

* டைட்டானியம் வெள்ளையை நிறைய எடுத்து, அதில் யெல்லோ ஓக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும். வெள்ளைக்குள் மஞ்சளை விடுங்கள். மஞ்சளுக்குள் வெள்ளையை விட்டால் டியூப் காலியானாலும் வெளிறாது!
* பர்ன்ட் சியன்னா ஊசிமுனை அளவு. அந்த ரோஸ் சாயல் இதிலிருந்துதான் வரும்.
* அளவுகளைச் சொட்டுக் கணக்கில் நோட்டில் எழுதுங்கள். பாதிப் பக்கம் அடித்து முடிக்கும்போது பெயிண்ட் தீர்ந்தால், எழுதாதவர் கதி அதோகதி.
* பழைய பிளாஸ்டிக் துண்டில் அடித்து, ஒரு நாள் காயவிட்டுப் பாருங்கள். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும்.
* கடைசியில் மேட் வார்னிஷ்.

பீரங்கி வரிசைகளை ஒட்டி மஞ்சள் பட்டை, அவற்றுக்கு இடையே கறுப்புப் பட்டை, ஜன்னல் மூடிகளின் வெளிப்பக்கம் கறுப்பு. மூடிகளைச் சாத்தினால் மஞ்சளில் கறுப்புக் கட்டங்கள் சதுரங்கப் பலகை மாதிரி தெரியும். இதற்கு நெல்சன் செக்கர் என்றே பெயர். டிரஃபால்கருக்குப் பிறகு இந்தப் பாணி பரவி, பின்னால் மஞ்சள் இருந்த இடத்தில் வெள்ளை வந்தது. பம்பாயில் வாடியா குடும்பத்தினர் தேக்கில் கட்டி 1817-ல் நீரில் இறக்கிய ஒரு கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதில் கறுப்பு வெள்ளைதான் இருக்கும். அதன் பெயர் என்ன தெரியுமா? ஹெச்.எம்.எஸ். டிரிங்கோமலி. நம்ம திருகோணமலைதான்! விக்டரி முடித்த கையோடு அதன் கிட் எங்காவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

6. கடைசியாக ஒரு சின்ன அட்டை

ஆறு வாரம் அடித்த பெயிண்டைச் சுரண்ட மனசு வருமா? வரவில்லைதான். ரெண்டு நாள் கப்பலைப் பார்க்காமலேயே இருந்தேன். அப்புறம் மணல்தாளை எடுத்தேன். கண்காட்சிக்கு முதல் நாள் ராத்திரிதான் வேலை முடிந்தது.

மாடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வைத்தேன். 'விக்டரி, 1805. பக்கவாட்டு மஞ்சள்: நிஜக் கப்பலின் பெயிண்ட் அடுக்கு ஆய்வை ஒட்டியது. மாடலுக்காக வெளிறச் செய்தது. படகுகளின் நிறம்: ஊகம்.' அந்தக் கடைசி வார்த்தையை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் கண்காட்சியில் அதிகக் கேள்வி வந்தது அந்த வார்த்தைக்குத்தான். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்போ இது மட்டும் ஏன் ஊகம், மத்தது எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டான். பெயிண்ட் அடுக்கு, மைக்ரோஸ்கோப், காவி என்று அரை மணி நேரம் பேசினோம். பழைய பளீர் மஞ்சளோடு வைத்திருந்தால், "சூப்பர் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

கிட் ரிப்போர்ட்டோ, லேப் ரெக்கார்டோ, எதுவாக இருந்தாலும் தெரிந்ததை ஆதாரத்தோடும், தெரியாததை ஊகம் என்றும் எழுதிப் பாருங்கள் மக்களே. கேள்வி கேட்கிறவர்கள் தானாக வருவார்கள்.

அப்புறம், டிரிங்கோமலி கிட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை இரண்டையும் கலக்கி வைத்துவிட்டேன்!